உயிர்க்குறி போடாத குறிப்பு

சேப்பாக்கம், ஐந்தாவது மாடி, கூட்ட அறை.
பத்தரைக்கு என்று அழைத்து
பதினொன்றே காலுக்குத் தொடங்கினார்கள்.
தெற்கே ஒரு சின்ன விமான நிலையத்தை
அரசே வைத்துக்கொள்வதா, கைகழுவுவதா.
நான் சுருக்கெழுத்தர்.
என் பென்சிலுக்குக் கட்சி கிடையாது.

அந்த ஊரிலிருந்து வந்தவர்கள் ஏழு பேர்.
நான்கு பேர் ரயிலில், மூன்று பேர் ஆம்னி பஸ்ஸில்.
விமானத்தில் ஏன் வரவில்லை என்று கேட்டார் தலைவர்.
"புதன்கிழமை சர்வீஸ் இல்லீங்கய்யா"
என்றார் வணிகர் சங்கத்து ஹபிபுல்லா.
பஸ் சீட்டின் வரி இன்னும் அவர் கன்னத்தில் இருந்தது.

ஆலோசனை நிறுவனத்து இளைஞர் திரையில் படம் போட்டார்.
ஒரு பயணிக்கு அரசு இழப்பது இவ்வளவு;
அந்தக் காசுக்கு அவரை டாக்ஸி வைத்தே கொண்டுபோய் விடலாம்,
வழியில் டிபனும் வாங்கிக் கொடுக்கலாம்.
சிரித்தார்கள்.
சிரிப்பை நாங்கள் எழுதுவதில்லை.

தொழிற்சங்கத்து ஜெயசெல்வி எழுந்தார்.
"பாலம் லாபம் காட்டுதா? கலங்கரை விளக்கம் காட்டுதா?
வாங்குறவன் முதல்ல எதை மூடுவான்னு
படத்துல ஏன் சார் போடலை?"
ஹபிபுல்லா விடவில்லை:
"அரசு கையில இருக்கும்போதும் கழிப்பறைக்குப் பூட்டுதானேம்மா.
ஊரான் வீட்டு நெய்யேன்னு..."
மறுபாதியை அறையே முடித்துக்கொண்டது.

இப்படி ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசும்போது
நாங்கள் உயிரை விட்டுவிட்டு
மெய்யை மட்டும் எழுதுவோம்.
உயிர்க்குறியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.
அப்படி எழுதினால்
அரசும் அரிசியும் ஒரே கோடு.
நட்டமும் நாட்டமும் ஒரே வளைவு.
இருபத்திரண்டு வருடத்தில்
இதற்காக மூன்று மெமோ வாங்கியிருக்கிறேன்.

கடைசியாகச் செல்லக்கனி.
ஓடுபாதையில் பறவை விரட்டுகிறவர்,
பதினோரு வருடமாக ஒப்பந்தத்தில்.
வெடிக் கணக்கைப் பள்ளிக்கூட நோட்டில் கொண்டுவந்திருந்தார்.
விமானம் வராத நாளிலும் வெடி போட்டது ஏன்?
தணிக்கைக்காரர் ஒரு வரியில் விரல் வைத்தார்.

"பறவைக்கு டைம்டேபிள் தெரியாதுங்களே.
ரெண்டு நாள் சும்மா விட்டா
எடம் நம்முதுன்னு நெனச்சிக்கும்.
மயில் வேற.
அதுக்கு வலிச்சா வனத்துறை கேஸ் போடும்,
கையைத் தட்டி, கெஞ்சித்தான் ஓட்டணும்."

விற்பதா வேண்டாமா, உங்கள் கருத்து?

"எனக்கு அதுல சொல்ல என்னங்க இருக்கு.
வெடி ஒண்ணாந்தேதிக்கு வந்துடணும்.
போன தடவை டெண்டர் முடியலைன்னு
பதினேழு நாள் தகரத்தைத் தட்டினேன்."

இளைஞர் மடிக்கணினியில் ஏதோ குறித்துக்கொண்டார்.
'வெடி: தவிர்க்கத்தக்க செலவு'
என்று என் பக்கமிருந்து தெரிந்தது.
தலைவர் இரண்டு நிமிடம் முடிவுரை சொன்னார்.
தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு.
போண்டா ஆறியிருந்தது.

கொளப்பாக்கத்தில் என் வீடு.
விமானங்கள் மொட்டைமாடிக் கொடிக்கயிற்றை
உரசுவது போல இறங்கும்.
எங்கள் தெருவில் எல்லோருமே
பேச்சைப் பாதியில் நிறுத்தி
சத்தம் போனதும் அதே சொல்லிலிருந்து தொடருவோம்.
சண்டையைக்கூட.

இரவு குறிப்பை விரித்துத் தட்டச்சு செய்தேன்.
பக்கம் பதினான்கு, தலைவரின் முடிவுரை:
"இந்த நிலையத்தில் அரசுக்கு உள்ள"
அடுத்து அந்த வளைவு,
அதன்பின் "ஊரறிந்தது."
நட்டமா. நாட்டமா.
உயிர் போட மறந்திருக்கிறேன்.

அவர் முகத்தை நினைத்துப் பார்த்தேன்.
சொன்னபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே ஒன்று இறங்கியது.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கும்வரை
விரல்கள் விசைமேல் நின்றன.
பிறகு 'அரசுக்கு உள்ள' என்பதிலிருந்து
மறுபடி தொடங்கினேன்.